30-06 ரைபிள் தோட்டா நிரப்புதல்: எந்த மருந்து, எந்தப் பிரைமர்?

கேள்வி: மன்னார்குடி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஆல்பர்ட்டாவில் இருக்கும் என் அத்தான், உரிய உரிமங்களோடு நவம்பர் மாதத்தில் மான் வேட்டைக்குச் செல்பவர். தம்முடைய 30-06 ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளுக்குத் தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார். அடுத்த ஆண்டு நானும் அங்கே வேலைக்குப் போவதால், இப்போதே கற்றுக்கொள்ள விரும்புகிறேன். 165 கிரெயின் எடையுள்ள குண்டுக்கு ஹாட்ஜ்டன் ஹெச் 4350, வின்செஸ்டர் 760 என்னும் இரண்டு வெடிமருந்துகளையும், சிசிஐ 200, சிசிஐ 250 என்னும் இரண்டு பிரைமர்களையும் (தோட்டாவின் அடியில் பொருத்தி, மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகள்) வாங்கி வைத்திருக்கிறார். எதை எதனோடு சேர்ப்பது, ஏன் என்பதை விளக்க முடியுமா?

பதில்: ஒரத்தநாட்டிலிருந்து கால்கரி வந்தவர்

மருந்து எரியும் வேகத்திலிருந்து தொடங்குங்கள். வைக்கோல் குப்பென்று பற்றி அடங்கிவிடும், சவுக்குக் கட்டை நின்று எரியும் என்பது நம் ஊர் அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்தது. கைத்துப்பாக்கி மருந்து முதல் வகை. 30-06 போன்ற பெரிய கூட்டுக்கு (மருந்தை நிரப்பும் பித்தளை உறை) வேண்டியது இரண்டாம் வகை. குண்டு குழலுக்குள் நகர நகர, பின்னாலிருந்து அழுத்தம் தொடர்ந்து தள்ள வேண்டும். வேகமாக எரியும் மருந்தை அந்தக் கூட்டில் இட்டால், குண்டு நகர்வதற்குள் அழுத்தம் எல்லை மீறித் துப்பாக்கியே சிதறக்கூடும். இந்தத் தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு.

உங்கள் அத்தான் வாங்கிய இரண்டுமே இதற்கு ஏற்ற வேகம் கொண்டவைதான். ஆனால் ஹெச் 4350 சிறுசிறு குச்சிகளாக இருக்கும். வெப்பநிலை மாறினாலும் அதன் போக்கு அதிகம் மாறாது. இங்கே ஆல்பர்ட்டாவில் கோடையில் 30 டிகிரி வெயிலில் சுட்டுப் பார்த்துவிட்டு, மைனஸ் 20 குளிரில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய துணை. 760 உருண்டை மருந்து. மருந்தை அளந்து விடும் கருவியான அளவியில் தண்ணீர் போல வழுக்கி இறங்குவதால் ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரே அளவு விழும். குச்சி மருந்தோ அளவியின் விளிம்பில் மாட்டி நறுக்கப்படும், ஆகவே தராசில் நிறுத்துப் போடுவதே நல்லது. வேட்டைக்கு என்றால் நான் தயக்கமின்றி ஹெச் 4350-ஐத்தான் எடுப்பேன்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஹெச் 4350 வேறு, ஐஎம்ஆர் 4350 என்னும் மருந்து வேறு. எண் ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. எத்தனை கிரெயின் என்பதை நான் இங்கே எழுத மாட்டேன். மருந்து நிறுவனம் வெளியிடும் கையேட்டில் உங்கள் குண்டுக்குரிய தொடக்க அளவைப் பார்த்து, அங்கிருந்து சிறிது சிறிதாக ஏறுங்கள்.

பதில்: திருவெறும்பூர், ஓய்வுபெற்ற தொழிலாளி

தம்பி, பிரைமரைப் பற்றி நான் சொல்கிறேன். சிசிஐ 200 சாதாரண வகை, 250 மேக்னம் வகை. மேக்னத்தின் சுடர் வெப்பமும் நீளமும் கூடியது. உருண்டை மருந்தின் மேல் எரிதலைத் தணிக்கும் பூச்சு இருப்பதால் அது எளிதில் பற்றாது. கடுங்குளிரில் இன்னும் தயங்கும். ஆகவே 760 மருந்துக்கு 250-உம், ஹெச் 4350 மருந்துக்கு 200-உம் பொருந்தும். ஆனால் கையேடு எந்தப் பிரைமரோடு சோதித்ததோ அதுவே முதல் சொல். உச்ச அளவில் நிரப்பிய தோட்டாவில் 200-ஐ எடுத்துவிட்டு 250-ஐ வைத்தால், மருந்து ஒரு துளியும் கூடாமலேயே அழுத்தம் ஏறிவிடும். மருந்தும் பிரைமரும் ஒரு சோடி. ஒன்றை மாற்றினால் தொடக்க அளவுக்கே திரும்ப வேண்டும்.

சுட்ட கூட்டின் அடிப்பக்கத்தை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிரைமரின் விளிம்பு உருண்டையாகவே இருந்தால் நல்லது; குழி முழுவதும் நசுங்கிப் பரவியிருக்கிறதா, ஊசி குத்திய இடத்தைச் சுற்றி மேடு எழும்பியிருக்கிறதா, பித்தளையில் பளபளப்பான வட்டத் தழும்பு பதிந்திருக்கிறதா என்று கவனியுங்கள்; இவை அழுத்தம் கூடியதன் அடையாளங்கள். சுட்ட பின் ரைபிளைத் திறக்கும் கைப்பிடியான போல்ட்டைத் தூக்குவது கடினமானால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆனால், இந்த அடையாளம் எதுவும் தெரியாமலே அழுத்தம் எல்லையைத் தாண்டுவதும் உண்டு என்பதால், கையேட்டின் உச்சத்தை எதற்காகவும் மீறக் கூடாது.

பிரைமர்களை அவை வந்த பெட்டியிலேயே வையுங்கள். கண்ணாடிப் புட்டியில் மொத்தமாகக் கொட்டி வைத்தால், ஒன்று வெடித்தால் எல்லாமே வெடிக்கும்.

மன்னார்குடி வாசகர்

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. இன்னும் இரண்டு ஐயங்கள். பெயர்ச்சீட்டு உரிந்துபோன அரைப்புட்டி மருந்து ஒன்றை நண்பர் அத்தானுக்குக் கொடுத்திருக்கிறார்; பார்வைக்கு 4350 போலவே இருக்கிறதாம். அதைப் பயன்படுத்தலாமா? மேலும், எங்கள் ஊர்ப் பக்கம் காட்டுப்பன்றி வயலை உழுது போடுகிறது. இங்கேயும் இப்படி நிரப்பிக்கொள்ள வழி உண்டா?

பதில்: வேதாரண்யம் வழக்கறிஞர்

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்; துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் இதற்குச் செல்லாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே தடை செய்யப்பட்டது. பயிர்ச் சேதம் என்றால் வனத்துறையிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். அனுமதி அளிக்கும் அதிகாரம் அவர்களுக்கே உண்டு.

பதில்: ஒரத்தநாட்டிலிருந்து கால்கரி வந்தவர்

பெயர் தெரியாத மருந்து எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது மருந்தே அல்ல. நிறத்தையும் குச்சியின் நீளத்தையும் வைத்து யாராலும் அடையாளம் காண முடியாது, ஆகவே அத்தானை அதைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அளவியில் மருந்தை விட்டுவிட்டுப் போனாலும் இப்படிப் பெயர் தெரியாத மருந்துதான் மிஞ்சும். மேசையில் ஒரு சமயத்தில் ஒரே புட்டிதான் இருக்க வேண்டும். எழுந்திருக்கும் முன் மிச்சத்தை அதே புட்டியில் கொட்டி மூடிவிட வேண்டும்.