தோட்டத்துக்கு மேலே ட்ரோன் விடுகிறார்கள், தடுக்கச் சட்டம் இருக்கிறதா?

கேள்வி:
எங்கள் தோட்டத்தை ஒட்டி மனை பிரித்து விற்கிறார்கள். விளம்பரத்துக்கு வீடியோ எடுக்கிறோம் என்று மூன்று வாரமாக ட்ரோன் பறக்கிறது. அவர்கள் இடத்துக்கு மேலே விட்டால் எனக்கென்ன, அது எங்கள் தென்னை மட்டைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் வந்து அப்படியே நிற்கிறது. முந்தாநாள் அந்தச் சத்தத்துக்கு மிரண்டு சினை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வாய்க்காலில் விழுந்தது. வீட்டுப் பெண்கள் மோட்டார் தொட்டியில்தான் குளிப்பார்கள், இப்போது இருட்டின பிறகுதான் போகிறார்கள். கேட்டால், "வானத்துக்கும் உங்க பேர்ல பட்டா இருக்கா?" என்கிறான் ஓட்டுகிற பையன். கல்லெடுத்து அடித்துவிடலாமா என்றிருக்கிறது.

பதில் 1:
அண்ணா, கல்லை மட்டும் எடுக்காதீர்கள். உடைந்தால் சொத்துச் சேதம் என்று பாரதிய நியாய சம்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம்) 324ஆம் பிரிவு உங்கள் மேல் பாயும். 2021 ட்ரோன் விதிகளில் தனியார் வீடு, தோட்டத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று நேரடியாக ஒரு வரி இல்லை, அதுதான் கோளாறு. பச்சை மண்டலம் (ட்ரோன் பறக்கத் தடை இல்லாத பகுதி) என்றால் 400 அடி வரை அனுமதி கேட்காமலே பறக்கலாம். ஆனால் ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும், 250 கிராமுக்கு மேல் எடையிருந்து தொழிலுக்கு ஓட்டினால் பைலட் சான்றிதழும் வேண்டும். இல்லாவிட்டால் 1 லட்சம் வரை அபராதம். முதலில் அதைக் கேளுங்கள்.

பதில் 2:
குளிக்கிற இடத்தில் கேமரா நின்றது என்றால் இது ட்ரோன் விதியோடு முடிகிற விஷயமே இல்லை. பெண் குளிப்பதைப் பார்ப்பதும் படமெடுப்பதும் அதே பாரதிய நியாய சம்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம், முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. ட்ரோன் நிற்பதைத் தேதி, நேரத்தோடு போனில் எடுத்து வையுங்கள், தென்னையும் சேர்ந்து தெரிகிற மாதிரி எடுத்தால் உயரம் புரியும். புகார் கொடுத்துவிட்டு, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

பதில் 3:
அந்தப் பையனின் பட்டா கேள்விக்கு 1946லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. வட கரோலினாவில் காஸ்பி என்ற கோழிப்பண்ணைக்காரர் வீட்டுக்கு மேல் 67 அடியில் ராணுவ விமானங்கள் போயின, சுமார் 150 கோழிகள் பயத்தில் சுவரில் மோதிச் செத்தன. வானம் முழுவதும் அவருடையதல்ல, ஆனால் நிலத்தை அனுபவிக்க முடியாதபடி தாழப் பறந்தால் அது நிலத்தையே எடுத்துக்கொண்ட மாதிரி என்றது தீர்ப்பு. நம் 1934 விமானச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் நியாயமான உயரத்தில் பறந்தால்தான் வழக்கிலிருந்து பாதுகாப்பு கொடுத்தது. தென்னை மட்டை உயரம் எந்த ஊரில் நியாயம்?

கேள்வி கேட்டவர்:
நன்றி. மாட்டைப் பார்த்த கால்நடை மருத்துவரிடம் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன், அதையும் மனுவோடு வைக்கிறேன். நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகிறோம், அம்மாவும் வருகிறார்.