சுயேச்சையாக நின்றவர்களிடம் செய்தியாளர்கள் என்ன கேட்டார்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தொடங்கியவர் (நொய்யல் கரை விவசாயி):

2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நின்றேன். ஜெயிப்பதற்காக நிற்கவில்லை. சாயக்கழிவு இறங்கிய கிணறுகள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கி, கடைசியில் "இதில் தண்ணீர் தேக்காதீர்கள்" என்று விவசாயிகளே நீதிமன்றம் போன கதை இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். இழப்பீட்டுப் பட்டியலில் விடுபட்ட குடும்பங்கள் பற்றி யாராவது பேச வேண்டும் என்றுதான் பத்தாயிரம் ரூபாய் டெபாசிட் கட்டினேன்.

மனுத் தாக்கல் அன்று கொரோனா கட்டுப்பாட்டால் என்னுடன் இரண்டு பேரைத்தான் உள்ளே விட்டார்கள். வெளியே வந்தபோது கேமராக்கள் எல்லாம் எனக்கு முன்னால் வந்த ஒருவரைச் சுற்றி நின்றன. டெபாசிட் தொகை முழுவதையும் சில்லறைக் காசாகக் கொண்டுவந்திருந்தார். நான் ஒரு பக்கத்தில் கோரிக்கைகளை அடித்து வைத்திருந்தேன். ஒரு தம்பி அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நீங்க எதுவும் கொண்டு வரலையாண்ணே?" என்று கேட்டார். இன்னொருவர், "யாரோட ஓட்டைப் பிரிக்க நிக்கிறீங்க?" என்றார். தண்ணீரைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு பத்திரிகையிலிருந்து போன் வந்தது. பேட்டிக்கு என்று நினைத்துத் தோட்டத்திலிருந்து ஓடி வந்து எடுத்தேன். விளம்பரப் பிரிவு. இவ்வளவு கொடுத்தால் இத்தனை செய்தி, படத்தோடு என்று விலை சொன்னார்கள். வேண்டாம் என்றேன். அதன்பின் என் பெயர் அந்தப் பத்திரிகையில் வேட்பாளர் பட்டியலில் மட்டும்தான் வந்தது. எண்ணிக்கை அன்று டிவியில் நான் "மற்றவர்கள்" கட்டத்துக்குள் போய்விட்டேன்.

எனக்குக் கிடைத்த ஓட்டு குறைவுதான், அதில் வருத்தம் இல்லை. ஆனால் அந்தக் கிணறுகளைப் பற்றி நாலு வரி வந்திருக்கலாம். உங்களுக்கு எப்படி நடந்தது?

மாவட்டச் செய்தியாளராக இருந்தவர்:

அண்ணா, நீங்கள் சொன்ன கேள்விகளை என் கூட வேலை பார்த்தவர்கள் கேட்டு நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சொல்கிறேன்.

பகுதிநேரச் செய்தியாளருக்குப் பல இடங்களில் சம்பளம் கிடையாது. வெளியான செய்திக்குத்தான் காசு. தலைமை அலுவலகத்தில் முதலில் கேட்பது "விஷுவல் என்ன?" என்றுதான். எருமையோடு வந்தவர், வெங்காய மாலை போட்டவர் என்றால் உடனே ஒளிபரப்பாகும். இது தெரிந்துதான் வேட்பாளர்களும் அப்படி வருகிறார்கள். வேடம் போட்டு வந்தால் கேமரா திரும்பும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான். அப்புறம் நாங்களே அவர்களைக் கோமாளி என்று எழுதுகிறோம். இது எனக்கு இன்றும் மனதை உறுத்துகிற விஷயம்.

2023-இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 வேட்பாளர்கள். ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தில் 16 பொத்தான்கள்தான், நோட்டாவும் அதில் அடக்கம், அதனால் சாவடிக்கு ஐந்து இயந்திரங்கள் வைத்தார்கள். வந்த செய்திகளைப் பாருங்கள்: ஐந்து இயந்திரங்களை எப்படி அடுக்கினார்கள் என்பது இருக்கும். அந்த 77 பேரில் பெரும்பாலானவர்கள் எதற்காக நின்றார்கள் என்பது இருக்காது.

"யார் ஓட்டைப் பிரிக்க" என்ற சந்தேகத்துக்கும் காரணம் உண்டு. 2024-இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். அதை விசாரித்து எழுதத்தான் வேண்டும். ஆனால் அதை வைத்து எல்லாச் சுயேச்சைகளையும் ஒரே பட்டியலில் தள்ளுவது சோம்பேறித்தனம். சொத்து, வழக்கு, படிப்பு எல்லாம் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது, தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அரை மணி நேரம் படித்தால் நேரான கேள்வி கேட்டுவிடலாம்.

மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சள் விவசாயி:

எங்கள் மொடக்குறிச்சித் தொகுதியின் கதை எல்லாருக்கும் தெரியும். 1996 சட்டமன்றத் தேர்தலில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். பெரும்பாலும் விவசாயிகள், தங்கள் குறையை ஊர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நின்றவர்கள். தேர்தலையே தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். இன்றைக்கும் தேர்தல் வந்தால் பத்திரிகைகள் "சுவாரசியத் தகவல்" என்று அந்த எண்ணைப் போடும். கோரிக்கையை ஒருவரும் போடுவதில்லை. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். சுயேச்சைக்குப் பத்து பேர் முன்மொழிய வேண்டும் என்றும் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். நின்றவர்கள் கேட்டதற்குப் பதில் வருவதற்கு முன்னால் நிற்பதற்கான கட்டணம் ஏறிவிட்டது.

2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் நடந்ததை நாங்கள் இங்கே ரொம்ப உன்னிப்பாகக் கவனித்தோம், அவர்கள் பிரச்சினை எங்கள் பிரச்சினை. மஞ்சளுக்கு நியாய விலை, மஞ்சள் வாரியம். 185 வேட்பாளர்கள், அதில் 170-க்கும் மேல் விவசாயிகள். தேசியச் சேனல்கள் வந்தன, பன்னிரண்டு இயந்திரங்களை வரிசையாக வைத்துக் காட்டின. குவிண்டால் என்ன விலைக்குப் போகிறது, போட்ட முதல் திரும்புகிறதா என்று கேட்ட செய்தியை நான் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அன்றைய தெலங்கானா முதலமைச்சரின் மகளும் அந்தத் தொகுதி எம்.பி.யுமான கவிதா தோற்றார். மஞ்சள் வாரியம் 2023-இல் அறிவிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் நிஜாமாபாத்திலேயே திறக்கப்பட்டது. நூற்றுக்கணக்கில் நின்றால்தான் கேமரா வரும் என்றால், தனியாக நிற்கிற ஒருவர் எங்கே போவார்?

தூர்தர்ஷனிலும் ஆல் இந்தியா ரேடியோவிலும் தேர்தல் உரைக்கு இலவச நேரம் உண்டு. அதுவும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும்தான்.

வார்டு தேர்தலில் நின்ற பெண்:

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் பேரூராட்சி வார்டுக்குச் சுயேச்சையாக நின்றேன். டெபாசிட் ஆயிரம் ரூபாய். ஒரு நாளிதழ்க்காரர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்காரர் எந்தக் கட்சி?" நான் சாக்கடைப் பணி பாதியில் நிற்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நோட்டை மூடிவிட்டார்.

ஆனால் நல்லதும் ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. எங்கள் ஊர் கேபிள் டிவிக்காரர் வார்டு வாரியாக எல்லா வேட்பாளர்களையும் உட்கார வைத்தார். பெரிய கட்சி, சுயேச்சை என்று பார்க்கவில்லை, எல்லாருக்கும் ஒரே நேரம், ஒரே மூன்று கேள்விகள். வார்டில் முதலில் எந்த வேலையைச் செய்வீர்கள்? அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? தோற்றால் இந்த வேலைக்காக என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பெரிய கட்சி வேட்பாளரே கொஞ்ச நேரம் யோசித்தார். நிகழ்ச்சி ஓடிய மறுநாள் ஓட்டுக் கேட்கப் போனபோது, "நீதானேம்மா டிவில சாக்கடையப் பத்திப் பேசின?" என்று வாசலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் ஜெயிக்கவில்லை. ஜெயித்தவர் என்னைக் கூப்பிட்டு எந்தத் தெருவில் வேலை நிற்கிறது என்று விவரம் வாங்கிக்கொண்டார்.

தொடங்கியவர்:

அந்த மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டேன் தங்கச்சி. எங்கள் ஊர் கேபிள்காரரிடமும், தெரிந்த இரண்டு மாவட்ட நிருபர்களிடமும் பேசப் போகிறேன். செய்தியாளர் தம்பி, நீங்களும் கூட வந்தால் நன்றாக இருக்கும். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் கேட்பார்கள். வேறு ஊர்களில் இதுபோல் யாராவது எல்லா வேட்பாளர்களையும் சமமாக உட்கார வைத்திருந்தால் எழுதுங்கள், அதையும் சேர்த்துக் கொண்டுபோகிறேன்.