இழையின் தலைப்பு: ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு – ஒரு பெயர்ச்சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

பலர் விளைவித்த ஒரே சேதத்துக்கு, அவர்களில் எவரிடமிருந்தும் முழு இழப்பீட்டையும் வசூலிக்கலாம் என்னும் தீங்கியல் (பிறருக்கு விளைவித்த தீங்குக்கு இழப்பீடு பெறுவதைப் பற்றிய சட்டம், ஆங்கிலத்தில் tort) கோட்பாட்டுக்குக் ‘கூட்டுப் பொறுப்பு’ என்ற சொல்லே போதும் என்று இந்த இழையில் சொல்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல்லை அமைச்சரவை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. அரசியலமைப்பின் 75ஆவது பிரிவு சொல்லும் கூட்டுப் பொறுப்பைப் படித்தவர் எவரும், ஒரே ஓர் அமைச்சரைப் பிடித்து மொத்தக் கணக்கையும் தீர்க்கச் சொல்லலாம் என்று நினைக்கமாட்டார். இங்கே நடப்பதோ ஏறக்குறைய அதுதான்.

ஒரு வழக்கை வைத்துப் பார்ப்போம். பஸ்ஸும் லாரியும் மோதுகின்றன. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பயணிக்குக் கை போய்விடுகிறது. இழப்பீடு 10 லட்சம் ரூபாய். பிழை பஸ்மீது 30 விழுக்காடு, லாரிமீது 70 என்று தீர்ப்பாயம் முடிவு செய்கிறது. லாரிக்கு இன்சூரன்ஸ் இல்லை, உரிமையாளரிடம் சொத்தும் இல்லை. பயணிக்குக் கிடைப்பது 3 லட்சம்தானா? இல்லை. பஸ் தரப்பிடமே முழு 10 லட்சத்தையும் கேட்கலாம். உச்ச நீதிமன்றம் 2015இல் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 30க்கு 70 என்பது தவறிழைத்தவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. கையில் காசில்லாத லாரிக்காரரின் சுமை பஸ் தரப்பின் தலையில் விழலாம். பயணியின் தலையில் விழக்கூடாது. கோட்பாட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது. (பயணியின் பிழையும் விபத்துக்குக் காரணமாக இருந்தால் அந்த அளவுக்கு இழப்பீடு குறையும், அது வேறு கோட்பாடு, இங்கே குழப்ப வேண்டாம்.)

இப்போது ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்ற பத்திர எழுத்தர் நடைக்கு வருகிறேன். தீர்ப்பின் வாசகத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால், அகராதியில் தலைச்சொல்லாக நிற்காது. அதைவிட, ‘தனித்தனியாக’ என்றதும் சாதாரண வாசகர் ‘அவரவர் பங்கை அவரவர்’ என்றுதான் எடுத்துக்கொள்வார். 10 லட்சம் அவர் மனத்தில் 3 லட்சமாகிவிடும்!

‘கூட்டு’ என்பதில் இன்னொரு வாடையும் உண்டு: கூட்டுச் சதி, கூட்டுக் களவாணி. அந்த இரண்டு டிரைவர்களும் ஒருவரையொருவர் முன்பின் பார்த்ததே கிடையாது. கலிபோர்னிய உச்ச நீதிமன்றத்தின் 1948ஆம் ஆண்டுக் காடை வேட்டை வழக்கையும் நினைத்துப் பாருங்கள். மூவர் வேட்டைக்குப் போகிறார்கள். பறந்த காடையை நோக்கி இருவர் சுட, மூன்றாமவரின் கண்ணில் ஒரு ரவை பாய்கிறது. யார் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று அவரால் நிறுவ முடியவில்லை. தான் சுட்டதல்ல என்று காட்டும் சுமையைச் சுட்டவர்கள்மீதே நீதிமன்றம் ஏற்றியது. இருவருமே பொறுப்பாளிகள் என்றது. அங்கே சதியும் இல்லை, திட்டமும் இல்லை.

ஆகவே, எந்தச் சொல்லானாலும் அதில் ‘முழு’ இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி. ஊரில் ‘ஆளுக்குப் பாதி’ என்போம். இது ‘ஆளுக்கு முழுசு’. முதலில் ‘தலைமுழுப் பொறுப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். பொறுப்பைத் தலைமுழுகியதுபோல் ஒலித்தது, விட்டுவிட்டேன். ‘தனிமுழுப் பொறுப்பு’ என்றால் வேறு யாருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது. ‘இணைமுழுப் பொறுப்பு’ என்பதே என் பரிந்துரை. பக்கத்தில் இன்னொருவர் இருப்பதை ‘இணை’ சொல்லிவிடும், சதி வாடை இல்லை. அவரவர் பங்கோடு நிற்பதைப் ‘பங்குப் பொறுப்பு’ எனலாம். தவறிழைத்தவர்கள் ‘இணைத் தீங்கிழைத்தோர்’. ‘தீங்கர்’ சுருக்கமானதுதான், ஆனால் புராண வில்லன் பெயர்போல இருக்கிறது.

முழுத்தொகையைக் கட்டியவர் மற்றவரிடமிருந்து அவர் பங்கைத் திரும்பப் பெறுவதற்கும் ஒரு சொல் வேண்டும். ஆங்கிலத்தில் இதை ‘contribution’ என்பார்கள். அதை அப்படியே பெயர்த்த ‘பங்களிப்பு’ வேண்டாம்; நன்கொடை போலிருக்கிறது. இங்கிலாந்தில் 1799இல் ஓர் ஆலையின் இயந்திரங்களைச் சேதப்படுத்திய இருவரில் ஒருவரிடமே 840 பவுண்டு முழுவதும் வசூலானது. அவர் மற்றவரிடம் பாதியைக் கேட்டுப் போனபோது நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் அங்கே அந்த நிலை மாறியது. அவர் கேட்டது நன்கொடையா? ‘பங்கு மீட்பு’ என்கிறேன். ‘மீட்பு’ அடகுக் கடையை நினைவூட்டுகிறது என்று யாராவது சொல்லக்கூடும்; அதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.