பிஎல்21(டிஇ3) கசிவு: குளுக்கோஸ் மட்டும் போதுமா?

கேசீன்: பிஎல்21(டிஇ3) என்ற ஈ. கோலை பாக்டீரியாவில், ஐபிடிஜி என்ற தூண்டுபொருள் போடும் முன்பே நச்சுப் புரதம் கசிகிறது; காலனி சிறுத்து, அந்தப் புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் (சிறு டிஎன்ஏ வளையம்) இல்லாத செல்கள் பெருகிவிடுகின்றன. இதற்கு எல்பி வளர்ப்பு ஊடகத்தில் 1% குளுக்கோஸ் போதும் என்பது என் கட்சி. செல்லின் சமிக்ஞை மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி குறையும், அது இயக்கும் கேப் புரதம் டிஎன்ஏவில் உட்காராது, மரபணுவை இயக்கும் லாக் புரொமோட்டர் அடங்கும்.

வைகறை: மருந்து சரி, காரணம் தவறு. டிஇ3-யில் நம் புரதத்தின் மரபணுவைப் படிக்கும் டி7 பாலிமரேஸின் மரபணுவை ஓட்டுவது லாக்யுவி5 என்ற மாற்றப்பட்ட லாக் புரொமோட்டர். அதன் −10 பகுதி (பாலிமரேஸ் பற்றும் இடம்) வலுவாக மாறியிருப்பதால் கேப் துணை பெரிதாகத் தேவையில்லை. குளுக்கோஸ் உள்ளே போகும்போது சர்க்கரை கடத்தலில் பங்கேற்கும் இஐஐஏ புரதம் பாஸ்பேட்டை இழந்து, தூண்டலைக் கிளப்பும் லாக்டோஸை உள்ளே விடும் லாக்டோஸ் பெர்மியேஸைப் பிடித்து அடைக்கிறது. 1996-ல் ஐபா குழுவினர் காட்டியதும் இதுதானே: குளுக்கோஸ் தீரும்வரை லாக்டோஸ் பயன்படாமல் காத்திருப்பதற்கு முதன்மைக் காரணம் இந்த அடைப்பு, சைக்ளிக் ஏஎம்பி குறைவு அல்ல.

கேசீன்: எல்பி-யில் லாக்டோஸ் ஏது? அதோடு, வளர்ச்சி நின்றுபோகும் நிலைநிறுத்தக் கட்டத்தில் கசிவு சைக்ளிக் ஏஎம்பியைச் சார்ந்தே நடக்கிறது என்று 1998-லேயே கிராஸ்மன் குழு காட்டிவிட்டது. யுவி5-க்கு முழு விடுதலை கிடையாது.

வைகறை: எல்பி-யில் உள்ள ட்ரிப்டோன் பாலின் கேசீன் புரதத்திலிருந்து வருவது, அதில் லாக்டோஸ் துளி ஒட்டியிருக்கும். ஸ்டடியர் 2005-ல் சொன்ன சிக்கல் இதுவே. வளர்ப்பு நிறைவை நெருங்கும்போது தூண்டல் தானாகக் கிளம்புகிறது. ட்ரிப்டோனின் ஒரு லாட்டில் கசிவதும் அடுத்ததில் கசியாததும் இதனால்தான்.

அடக்கி: இருவரும் அடிப்படைக் கசிவை விட்டுவிட்டீர்கள். லாக்டோஸே இல்லாவிட்டாலும் புரொமோட்டரை மூடிவைக்கும் அடக்கிப் புரதம் தான் உட்காரும் டிஎன்ஏ இடமான ஆபரேட்டரை விட்டு அவ்வப்போது கழன்றுவிடும். அந்த இடைவெளியில் உருவாகும் சில பாலிமரேஸ்களே நச்சுப் புரதத்துக்குப் போதும். பிலைஸ்எஸ் என்ற துணைப் பிளாஸ்மிட்டை வையுங்கள்: அதன் டி7 லைசோசைம் பாலிமரேஸைப் பிடித்துவைக்கும். அதைச் செல்லில் தக்கவைக்க மில்லிலிட்டருக்கு 34 மைக்ரோகிராம் குளோராம்பெனிகால் ஆன்டிபயாட்டிக். பஃபர் இல்லாத எல்பி-யில் 1% குளுக்கோஸ் என்றால் அசிட்டேட் சேர்ந்து பிஎச் சரியும், வளர்ச்சி நிற்கும்.

கேசீன்: பாஸ்பேட் பஃபர் சேர்த்தால் அது தீரும். பிலைஸ்எஸ்-க்கும் விலை உண்டு: உறைய வைத்து உருக்கினாலே செல் உடைந்து, டிஎன்ஏ வெளியேறிக் கலவை பிசுபிசுக்கும்.

அடக்கி: டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸும் மக்னீசியமும் போட்டால் சரியாகிவிடும். வாதத்தைத் தீர்க்க ஒரு சோதனை: தூண்டாத வளர்ப்பில் ஓடி (வளர்ப்பின் கலங்கல் அளவு) 0.6-ல் ஒன்று, இரவு முழுக்க வளர்ந்தபின் ஒன்று என மாதிரி எடுங்கள். காலை மாதிரியில் மட்டும் ஜெல்லில் புரதப் பட்டை வந்தால் லாக்டோஸையோ சைக்ளிக் ஏஎம்பியையோ சந்தேகிக்கலாம். இரண்டிலும் வந்தால் என் கட்சி. கூமாசி சாயத்தில் சின்னக் கசிவு தெரியாது, ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் ஓட்டுங்கள்.