ரீபாட்டிங்: ஒரு சொல் போதுமா?

வணக்கம் ஐயா.

தொட்டிச் செடியை வெளியே எடுத்து மீண்டும் தொட்டியில் வைக்கும் ‘ரீபாட்டிங்’ (repotting) என்பதற்குத் தமிழில் தாங்கள் முன்மொழிந்த ‘மறுதொட்டியிடல்’ என்னும் சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. மாறுவது தொட்டியா, மண்ணா என்பதை அச்சொல் தெளிவாக்கவில்லை. செடி வளர்ப்பிலோ அவை வெவ்வேறு வேலைகள்.

பூச்செடி தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்துவிட்டால், அடித்துளை வழியே வேர் நீளும். ஊற்றிய நீர் மண்ணில் தங்காமல் ஓடிவிடும். காலையில் நீர் பெற்ற செடி மாலைக்குள் வாடும். அப்போது அதைச் சற்றே பெரிய தொட்டியில் வைப்பது ஒரு வழி. செடி இனியும் பெரிதாக வேண்டாம் என்றால், வெளிவேர்களைக் கத்தரித்து, புதுமண் இட்டு, பழைய தொட்டியிலேயே மீண்டும் வைப்பது மற்றொரு வழி. முன்னதைத் ‘தொட்டி மாற்றல்’ என்றும் பின்னதை ‘மண் மாற்றல்’ என்றும் வழங்கலாம். இவற்றில் புதுமை இல்லையே என்பீர்கள். ‘தொட்டி மாத்தணும்’ என்று பேச்சில் ஏற்கெனவே இருக்கும்போது புதுமை எதற்கு?

‘தொட்டி மாற்றல்’ என்பதற்கான விளக்கத்தில் ‘பெரிய தொட்டி’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. விட்டம் 20 செ.மீ. உள்ள தொட்டியிலிருந்து அதே வடிவில் 25 செ.மீ. தொட்டிக்குப் போனாலே மண்ணின் அளவு ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். அதற்கும் மேல் போனால், வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து வேரழுகலுக்கு வழிவிடும். ஆகவே ‘சற்றே’ என்னும் அடை இன்றியமையாதது.

வேர் தொட்டியை நிறைத்துவிடும் ‘ரூட் பவுண்ட்’ (root bound) நிலைக்கு ‘வேர்க்கட்டு’ பொருந்தாது என்பது என் கருத்து. வேரை எவரும் கட்டவில்லை. அது தானே வளர்ந்து, தொட்டிச் சுவரில் முட்டித் திரும்பி, வட்டமாகச் சுற்றி, மண் இருந்த இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்கிறது. அதனால் ‘வேரடைசல்’ என்கிறேன். ‘வேர் நெரிசல்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் நெரிசல் என்றதுமே கேடு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கிளிவியா, அகபாந்தஸ் போன்ற பூச்செடிகளோ ஓரளவு வேரடைசலில்தான் நன்கு பூக்கின்றன. அவற்றை அவசரப்பட்டுத் தொட்டி மாற்றினால் பூப்பு தள்ளிப்போகக்கூடும். நிலையைச் சொல்லும் சொல், தீர்ப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் தங்கள் முடிவுக்கு விடுகிறேன். தூக்க இயலாத பெருந்தொட்டிகளில், வேரைத் தொடாமல் மேலே உள்ள சில செ.மீ. மண்ணை மட்டும் அகற்றிப் புதிது இடுகிறார்களே, அதையும் ‘மண் மாற்றல்’ என்பதற்குள் அடக்கலாமா, அல்லது ‘மேலடுக்கு மாற்றல்’ எனத் தனித்தே குறிக்கலாமா?

அன்புடன்.