வரப்பில் கிடப்பது நரித்தடமா, நாய்த்தடமா?

கோடிக்கரையான்:
வேதாரண்யம் பக்கம் எங்கள் வயல். நேற்று ராத்திரி பட்டியில் ஒரு வெள்ளாட்டுக்குட்டி காணாமல் போய்விட்டது. காலையில் பார்த்தால் வரப்போரச் சேற்றில் கால்தடம். பக்கத்தில் தீப்பெட்டி வைத்துப் படம் எடுத்தேன். நீளம் ஏறக்குறைய 5 செ.மீ., அகலம் 4-க்குள். நகம் பதிந்திருக்கிறது. அப்பா நரி என்று சாதிக்கிறார்.

மண்வாசி:
நாய்தான். நகம் பதிந்திருந்தால் பூனை இனம் இல்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான். அளவை நம்பவே கூடாது, ஒல்லியான நாட்டுநாய்க்கும் இதே பாதம்தான். கோடிக்கரையில் நரி உண்டு என்பதற்காக எல்லாப் பழியையும் அதன் தலையில் கட்டாதீர்கள்.

தடம்பிடிப்பான்:
மண்வாசி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? முன்னங்கால் தடத்தில் நடு விரல் இரண்டின் மெத்தையும் பின்பக்கம் ஒட்டி, கவட்டை மாதிரி இருக்கிறது. அது நரியின் அடையாளம். நாய்க்கு நாலு விரலும் தனித்தனியாகத்தான் பதியும். நகத்தையும் பாருங்கள்: மெல்லிசாக, நெருங்கி, முன்னோக்கி நிற்கிறது. நாய்க்குத் தேய்ந்த மொட்டை நகம், விரலும் விரிந்திருக்கும்.

மண்வாசி:
கவட்டை எல்லாம் சரி, அது களிமண் ஐயா! கால் புதைந்தால் விரலிடுக்கு மண் அமுங்கி, நாய்க்கும் ஒட்டினாற்போலத்தான் தெரியும். ஒற்றைத் தடத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவீர்களா?

சவுக்குத்தோப்பு:
ஒற்றைத் தடம் போதாது என்பதில் மண்வாசி பக்கம்தான் நான். நடையைப் பாருங்கள். நரி முன்னங்கால் வைத்த இடத்திலேயே பின்னங்காலையும் வைத்து, நூல் பிடித்தாற்போலப் போகும். வீட்டுநாய்க்கு அந்த அவசரம் ஏது? ஒவ்வொரு புதரையும் மோந்து, காலைத் தூக்கி, திரும்பி வந்து மறுபடி மோக்கும். (அப்புறம், இதைக் குள்ளநரி என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். குள்ளநரி வேறு, உருவத்தில் சின்னது.)

மண்வாசி:
வீட்டுநாய்க்குச் சரி. பசியோடு திரியும் தெருநாயும் நேராகத்தான் போகும், பார்த்திருக்கிறேன்.

கோடிக்கரையான்:
சண்டை வேண்டாம் என்று சாயங்காலம் பக்கத்து வீட்டு நாயை பிஸ்கட் காட்டி அதே சேற்றில் நடக்கவிட்டேன். அதன் நடு விரல்களுக்கு நடுவே மண் வரப்பு கட்டினதுபோல எழும்பி நிற்கிறது, ஒன்றுகூட ஒட்டவில்லை. பழைய தடத்தையும் தொடர்ந்து போனேன். வாய்க்கால் வரை 23 தடம், விலகாத ஒரே கோடு. கெட்டியான மண்ணில் கிடந்த முன்னங்கால் தடத்திலும் அந்தக் கவட்டை இருக்கிறது.

தடம்பிடிப்பான்:
மண்வாசி?

மண்வாசி:
சரி, தடம் நரியுடையது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரப்பில் நரி நடந்தது, அவ்வளவுதான் தெரிகிறது. பட்டிக்குள்ளே யார் தடம் இருக்கிறது?

கோடிக்கரையான்:
பட்டிக்குள் ஆட்டுக் குளம்புதான், எல்லாம் மிதிபட்டுக் கிடக்கிறது. படலுக்கு வெளியே ஒரு தடம் இருந்தது. அதன்மேல்தான் அப்பா நின்றுகொண்டு நரி, நரி என்று கத்திக்கொண்டிருந்தார்.