நகையைத் தர மனமில்லாத பொற்கொல்லன்

பெர்லினில் வசிக்கும் வாசகி:

ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மனின் 'தாஸ் ஃப்ராய்லைன் ஃபொன் ஸ்குதேரி' (செல்வி ஸ்குதேரி) குறுநாவலை என் ஜெர்மன் ஆசிரியை துப்பறியும் கதை என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார். 1819இல் வெளிவந்தது. கதை நடப்பது 1680இல், பதினான்காம் லூயியின் பாரிஸில். காதலிக்குப் பரிசளிக்க நகையுடன் இரவில் கிளம்பும் ஆண்கள் நெஞ்சில் ஒரே குத்தில் சாய்கிறார்கள், நகை மாயமாகிறது. கொலைகாரன் யார் என்று எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. ஆனாலும் புத்தகத்தை மூட முடியவில்லை. காரணம் பொற்கொல்லன் கார்டியாக்.

வேலையை ஆசையாக வாங்கிக்கொள்வான், கூலி குறைவானாலும் கவலையில்லை. முடியும் தறுவாயில் ஏதோ குறை கண்டு மொத்தத்தையும் உருக்கிவிடுவான். பிறகு நாள் கடத்துவான். கடைசியில் நகையைக் கொடுக்கும்போது பறிகொடுப்பவனைப் போலக் குமுறுவான். கொடுத்ததைத்தான் இரவில் கொன்று மீட்கிறான். மீட்ட நகைகளை ஓர் அலமாரியில் வரிசையாக வைத்திருக்கிறான். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு சீட்டு: யாருக்காகச் செய்தது, எப்போது, திருட்டா கொள்ளையா கொலையா. கொலைகளைவிட அந்தச் சீட்டுகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அவனுடைய உதவியாளன் ஒலிவியே, முதலாளியின் மகள் மாதெலோனைக் காதலிக்கிறான். அப்பா யாரென்று அவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகக் கொலைப் பழியைத் தன்மேல் சுமந்து வாய் திறக்காமல் இருக்கிறான். சாட்சியங்கள் எல்லாம் அவனுக்கு எதிராகவே நிற்கின்றன. ஹாஃப்மன் பெர்லின் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர் என்பதை இந்தப் பக்கங்களில்தான் உணர்ந்தேன். பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில் உள்ள அவருடைய கல்லறைக்கும் போயிருக்கிறேன். அதன் கல்வெட்டில் நீதிமன்றப் பதவிதான் முதலில்; கவிஞர், இசைஞர், ஓவியர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓவிய ஆசிரியர்:

எனக்கு ஒட்டாதது ஒன்றுதான். கார்டியாக்கைக் கருவுற்றிருந்தபோது அவன் தாய் ஒருவனுடைய இரத்தினச் சங்கிலியில் மயங்கினாள், அவளை அணைத்தபடியே அவன் செத்து விழுந்தான், அந்த அதிர்ச்சிதான் பிள்ளைக்கு இறங்கியது என்று ஒரு விளக்கம் வருகிறது. பலரும் இதைக் காரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இதைச் சொல்வது கார்டியாக்கே. கொலைகாரன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் என்றுதான் நான் படிக்கிறேன்.

படம் விற்றவர்களுக்கு இந்த விளக்கமே தேவைப்படாது. நான் விற்ற படம் ஒன்றை வாங்கியவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். சோபாவின் நிறத்துக்குப் பொருந்தவில்லை என்று மாடிப்படி இருட்டில் மாட்டியிருந்தார்கள். காபி குடிக்காமலேயே கிளம்பிவிட்டேன். நாவலில் எனக்குப் பிடித்த இடமும் அதனால்தான் இது: கவிஞர் ராசீனுக்குப் பரிசளிக்க மன்னருக்கு நெருக்கமான மேந்தெனோன் சீமாட்டி ஒரு சிறு மோதிரம் கேட்கிறாள், கார்டியாக் நடுங்கிப்போய் மறுத்துவிடுகிறான். யாரைக் கொல்ல விரும்பவில்லையோ, அவர்களுக்கு அவன் செய்து தருவதில்லை.

இதை ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டமித் 1926இல் 'கார்டியாக்' என்று ஆபெராவாக்கினார், அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகமாக. இசைத்தட்டில் மட்டுமே கேட்டிருக்கிறேன். மேடையில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.